சனிக்கிழமையின் இரண்டு எண்கள்

“24-2-2001, சனி. காலை 10.40க்குக் கம்ப்யூட்டர் போட்டேன். 43.”

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். அதே நாளுக்கு இன்னொரு பதிவும் என்னிடம் இருக்கிறது. கடைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள். தேதிக்குக் கீழே நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம். ஓரத்தில் பென்சிலால், சாய்ந்த கையெழுத்தில், 44.

முதல் எண் நான் எழுதியது. இரண்டாவது என் அக்காவின் கணவர் எழுதியது. அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே நாளில் ஒரே கம்ப்யூட்டர் எங்கள் இருவருக்கும் வேறு வேறு எண்ணைக் காட்டியிருக்கிறது. அந்த ஒன்றின் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்காமல் அவரிடம் போய்ச் சொன்னவனும் நான்தான்.

தாலுகா ஆபீஸுக்குப் போகும் தெருவில் எங்களுக்கு ஒரு டைப்பிங் கடை இருந்தது. பாவாவின் குடும்பத்தார் தலைமுறைகளாக மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைத்தவர்கள். அவர் ஒருவர்தான் அதை விட்டு இறங்கி, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, 1986இல் இந்தக் கடையைத் தொடங்கினார். ஐந்து வருடம் கழித்து நான் சேர்ந்தேன். மனு, கிரயப் பத்திரம், வாரிசுச் சான்றுக்கான வாக்குமூலம் என்று வருவதையெல்லாம் அடித்துக் கொடுப்போம். 2000 நவம்பர் கடைசியில் டைப்ரைட்டர் இரண்டையும் மூலையில் தள்ளிவிட்டு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தோம். சென்னைப் பக்கத்தில் மூடிப்போன ஒரு பயிற்சி நிலையத்தில் இருந்தது அது. நிலையத்தை நடத்தியவர் இடத்தைக் காலிசெய்துவிட்டு எங்கோ போய்விட்டார். நடுவில் நின்று விற்றுக் கொடுத்தவருக்குப் பொட்டியைத் தூக்கத் தெரியும், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் தமிழ் டைப்பிங் புரோகிராம் தானாகத் திறக்க வேண்டும் என்று பாவா விரும்பினார். தினமும் காலையில் மௌஸைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடுவது அவருக்கு அவமானமாக இருந்தது. நான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைப் படித்துக் கற்றுக்கொண்டேன். விண்டோஸில் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதில் எந்தப் புரோகிராமின் குறுக்குவழியைப் போட்டு வைத்தாலும், கம்ப்யூட்டர் விழித்தவுடன் யாரும் தொடாமல் அது ஓடத் தொடங்கும். போட்டு வைத்தேன். மறுநாள் காலை வெள்ளைத் தாள் தானாக விரிந்தது. பாவா இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு அது விரிவதைப் பார்த்தார்.

ஆனால் தாளுக்கு மேல் இன்னொன்றும் தானாக வந்தது. அதை நான் போடவில்லை. திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஓர் எண், அதன் கீழே ‘ஓகே’ என்று ஒரு பொத்தான். தலைப்பு இல்லை, வாசகம் இல்லை. பொத்தானை அழுத்தினால் போய்விடும். அடுத்த நாள் ஒன்று குறைந்து வரும்.

முதலில் பார்த்தபோது எண் நூற்றுக்கு மேல் இருந்தது. எவ்வளவு என்று எழுதி வைக்கவில்லை. 1983 முதல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். மழை பெய்த நாள், கிருத்திகைக் கூட்டம், கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது என்பதுவரை குறித்திருக்கிறேன். இதைக் குறிக்கவில்லை.

ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் தேடினேன். நான் போட்டது மட்டும்தான் இருந்தது. பிறகுதான் தெரிந்தது, தானாகக் கிளம்புவதற்கு வாசல் அது ஒன்றே அல்ல என்று. விண்டோஸின் பழைய அமைப்புக் கோப்பு ஒன்றில் ‘ரன்’ என்று தொடங்கும் வரியில் எட்டு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. சேர்த்துப் படித்தால் பொருள் தராத எழுத்துகள். பயிற்சி நிலையத்துக்காரர் எதற்காகவோ எழுதி வைத்த புரோகிராம். இரவல் கொடுத்த எதையோ இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று அளந்து வைத்திருக்கலாம். அல்லது மாணவன் ஒருவனின் வீட்டுப்பாடமாக இருக்கலாம். அந்த வரியை எடுத்தால் தமிழ் எழுத்துகளும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

அம்மையார்குப்பத்திலிருந்து மனு அடிக்க வந்த நெசவாளி ஒருவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாங்க, உங்க மெஷினு தெனமும் தன் வயச சொல்லிகினு எழுந்திருக்குதா?” என்று கேட்டார்.

“வயசு ஏறணும். இது எறங்குது,” என்றார் பாவா.

அப்போது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

2001 பொங்கல் கழிந்து அவருக்கு மூச்சு இரைத்தது. மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தையும் நிற்காமல் ஏறியவர், கடை வாசலின் மூன்று படியில் நின்று சுவரைப் பிடித்தார். சென்னையில் காட்டினோம். இதய வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார் டாக்டர். பாவா பார்க்கலாம் என்றார். அக்கா தினமும் கேட்டாள். அவர் தினமும் பார்க்கலாம் என்றார்.

பிப்ரவரி 5, திங்கட்கிழமை. எண் 63. அன்றுதான் அவர் காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் அதைக் குறித்தார். பிறகு தாள்களைப் புரட்டிப் புரட்டி எண்ணிக்கொண்டே போய் ஏப்ரல் 9இல் நின்றார். அந்தத் தாளில் ஒரு வட்டம் போட்டார். நான் கேட்காமலேயே சொன்னார்: “அது எனக்குன்னுதான் வந்துகீது. வேற யாருக்கு வரணும்? ஒனக்கா?”

அன்று சாயங்காலமே அக்காவிடம் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். ஏப்ரல் 9க்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. மார்ச் 19, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். “அன்னிக்கு இருபத்தொண்ணு கையில இருக்கும். போதும்,” என்றார். அக்காவுக்கு அவர் எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் ஒரு மாதமாகக் கெஞ்சியும் நடக்காததை அந்தச் சாம்பல் கட்டம் நடத்திக் கொடுத்திருந்தது. அதனால் வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் நானும் எண்ணைக் குறித்துவந்தேன்.

இங்கே எங்கள் கடையின் சனிக்கிழமை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை இராகு காலம். மற்ற நாளில் ஒன்பதரைக்குத் திறக்கும் கடை அன்று பத்தரைக்குத்தான் திறக்கும். ஆனால் அன்றைய வேலை, இராகு காலம் முடிந்த பிறகு புதிதாக ஆரம்பித்த வேலையாக இருக்கக் கூடாது, அதற்கு முன்பே ஆரம்பித்த வேலையாக இருக்க வேண்டும் என்பது பாவாவின் கொள்கை. ஆகவே எட்டரைக்கே தனியாக வந்து, ஊதுபத்தி ஏற்றி, ஒரு தாளில் ‘முருகன் துணை’ என்று அடித்துவிட்டு, பூட்டிக்கொண்டு சாப்பிடப் போவார். டைப்ரைட்டர் காலத்திலிருந்து வந்த வழக்கம். டைப்ரைட்டர் இருந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, வழக்கமும் அதற்கு வந்தது. காலையில் போடுவார், அந்த ஒரு வரியை அடிப்பார், அணைப்பார். பத்தரைக்கு நான் வந்து மறுபடியும் போடுவேன்.

பிப்ரவரி 24 அன்று காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதும்போது அவருடைய 44 கண்ணில் பட்டது. என் திரையில் 43. பில் குத்தும் கம்பியில் அவர் சேர்த்து வைத்திருந்த பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். 17ஆம் தேதி அவருக்கு 51, எனக்கு 50. 10ஆம் தேதி அவருக்கு 58, எனக்கு 57. மூன்றும் சனிக்கிழமை. மற்ற நாள்களில் இருவருக்கும் ஒரே எண்.

அது நாள்களை எண்ணவில்லை. கம்ப்யூட்டர் எத்தனை முறை விழிக்கிறது என்பதை எண்ணிக்கொண்டிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து முறை, சனிக்கிழமை இரண்டு முறை. ஞாயிறு கடை கிடையாது. வாரத்துக்கு ஏழு. அந்த மூன்று வாரமும் கரண்டும் போகவில்லை, கம்ப்யூட்டரும் நடுவில் நின்றுபோகவில்லை. திங்களுக்குத் திங்கள் பார்க்கிறவனுக்கு அது நாள் கணக்காகத்தான் தெரியும். பாவாவின் சனிக்கிழமை வழக்கம், எண் குறையாத ஞாயிற்றுக்கிழமையைச் சரிக்கட்டி வந்திருக்கிறது.

எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை ஒளிக்க முடியாது. கல்வெட்டில் தவறாகப் படித்த வருடத்தைத் திருத்தியவனைப் போல இருந்தேன். ஒரு பயத்தைப் போக்கப் போகிறேன் என்றும் நினைத்தேன். அந்தப் பயம்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போகிறது என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை எண் 42. தாள்களை மேசைமேல் பரப்பினேன்.

“பாவா, இது நாளு இல்ல. பொட்டியப் போடறப்பல்லாம் ஒண்ணு கொறையுது.”

அவர் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழம?”

“கொறையறதில்ல. அத சனிக்கெழம நீங்க காலையில வந்து கொறைச்சிடறீங்க.”

“நான் கொறைக்கிறேன்.”

“நீங்க ஒருதரம், நான் ஒருதரம். பாருங்க, இப்பவே அணைச்சிப் போட்டா நாப்பத்தொண்ணு வரும்.”

பொத்தானை நோக்கிப் போன என் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைக்கும் மனிதரின் பிடி அல்ல அது.

“வேணாம். இருக்கிறத வீணாக்காத.”

நான் வேறு வழி சொன்னேன். ‘ரன்’ வரியிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டால் கட்டம் வரவே வராது என்றேன்.

“எடுத்தா காட்டாதுடா. கொறையாதுன்னு ஒன்னால எழுதிக் குடுக்க முடியுமா?”

வாழ்நாள் முழுக்க வாக்குமூலம் அடித்த மனிதர். எழுதிக் கொடுப்பது என்றால் அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் புரோகிராம் வேறு எந்த வாசலில் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சரிபார்க்காததை எழுதாத பழக்கம் எனக்கு. பொய்யாகவாவது ஆங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று முதல் கம்ப்யூட்டர் அணைக்கப்படவில்லை. சனிக்கிழமை ஊதுபத்தி மட்டும் ஏற்றினார். கம்ப்யூட்டரைப் போடும் பொத்தானின்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். கடையைப் பூட்டிய பிறகும் உள்ளே விசிறி சுற்றும் ஓசை ஷட்டருக்கு வெளியே கேட்டது. தெருவில் போகிறவர்கள் உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து விண்டோஸை நாள் கணக்கில் ஓடவிட்டால் மூச்சு முட்டி உறைந்துவிடும். உறைந்தால் அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. வெயில் ஏற ஏறக் கரண்டும் போகத் தொடங்கியது. யு.பி.எஸ். வாங்கினார். அது கால்மணி நேரம் தாங்கியது. ஒவ்வொரு முறையும் கட்டம் வந்தது, ஒன்று குறைந்து.

மார்ச் 19 அன்று எண் 33. பையெல்லாம் கட்டி வைத்திருந்தாள் அக்கா. அவர் வீட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அக்கா பின்னாலேயே வந்தாள். கடையில் பத்திரம் அடிக்க வந்தவர்கள் இருவர் எழுந்து வெளியே போனார்கள்.

“ஏங்க, அது பொட்டிங்க,” என்றாள் அக்கா.

“ஆங், பொட்டிதான்.”

“பின்ன எழுந்திருங்க.”

“நான் போயி பதினஞ்சி நாளு படுத்துகினா, இங்க இவன் எத்தினி தரம் போடுவான், எத்தினி தரம் அணைப்பான்? கத்தி வைக்கிற அன்னிக்கு எவ்ளோ மிச்சம் இருக்கும்?”

நான் தொடமாட்டேன் என்றேன். கடையைப் பூட்டிவிடலாம் என்றேன். உள்ளே ஓடுகிற பொட்டி ஆளில்லாமல் உறைந்தால் என்ன ஆகும், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகவே எழுந்துகொள்ளுமா என்று கேட்டார். அது தானாக எழாது. ஆனால் என் பேச்சு அவரிடம் செல்லவில்லை. தானாகக் கிளம்புகிற ஒன்றை உள்ளே வைத்திருக்கும் பெட்டி, தானாக எழாது என்று அவரை எப்படி நம்பவைப்பது?

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் செய்து வேறு நாள் கேட்டேன்.

ஏப்ரல் 9 வந்தது. எண் 22. வட்டம் போட்ட தாளைக் கிழித்து எல்லோருக்கும் காட்டி, “இன்னிக்கு நான் இருக்கக் கூடாத நாளு. இருக்கறேன் பாரு,” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் பிடித்தது. அதற்குள் அவருடைய பாதங்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. செருப்பு வாரை அவிழ்த்து விட்டுத்தான் நடந்தார்.

ஏப்ரல் 19, வியாழன். காலை பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் உறைந்தது. நான்தான் அணைத்துப் போட்டேன். 19. நண்பகலில் கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்திக் கத்தி ஓய்ந்தது. விசிறி நின்றது. ஏழு வாரத்துக்குப் பிறகு கடையில் சத்தமில்லை. கரண்ட் வந்தும் அவர் போடச் சொல்லவில்லை. மூலையிலிருந்த டைப்ரைட்டரைத் துடைத்து மேசைக்குக் கொண்டுவந்தோம். அதில்தான் வேலை நடந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, கார்பன் தாள் சொருகிக்கொண்டே கேட்டார்: “போடாம வுட்டா கொறையாது இல்ல?”

“கொறையாது பாவா.”

“எழுதிக் குடுப்பியா?”

“குடுப்பேன்.”

ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது ஏப்ரல் 28, சனிக்கிழமை. ஒன்பதுக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்றார். அன்று காலை எட்டு மணிக்கு, கடைப் பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகப் போனார். நான் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையசைத்தார். எட்டு இருபத்தைந்துக்குத் திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. நடந்த வியர்வை என்று நினைத்தேன். ஸ்டேஷன் மேம்பாலத்தில் இரண்டு முறை நின்றார். மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் மலை மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மே 4 ஆபரேஷன். மே 9, புதன்கிழமை காலை இறந்தார். மார்ச்சிலேயே ஏன் வரவில்லை என்று டாக்டர் எங்களைக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

காரியம் எல்லாம் முடிந்து மே 28, திங்கட்கிழமை கடையைத் திறந்தேன். ஒருவருடைய கிரயப் பத்திர வாசகம் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் தினமும் வீட்டுக்கு வந்து கேட்டார். பிளாஸ்திரியைப் பிரித்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். வெள்ளைத் தாள் விரிந்தது. அதன்மேல் கட்டம் வந்தது.

18 வந்திருக்க வேண்டும். வந்தது 17.

ஏப்ரல் 19க்கும் மே 28க்கும் இடையில் யாரோ ஒருமுறை அதைப் போட்டிருக்கிறார்கள். கடைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவருடையது, ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய துணியோடு மஞ்சள் பையில் திரும்பி வந்தது. மற்றொன்று என் அலமாரியில் இருந்தது. அக்கா கடைப்பக்கமே போகவில்லை என்கிறாள். நான் நம்புகிறேன்.

அந்தப் புரோகிராம் தன் எண்ணைச் சின்னக் கோப்பு ஒன்றில் எழுதி வைக்கிறது. எந்தக் கோப்பும் தான் கடைசியாக எழுதப்பட்ட தேதியையும் நேரத்தையும் வைத்திருக்கும். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தேடி எடுத்தேன். 28-5-2001, காலை 9.52 என்றிருந்தது. நான் போட்ட நேரம். போட்டதுமே அது அடுத்த முறைக்கு 16 என்று எழுதிக்கொண்டு, பழைய தேதியை அழித்துவிட்டது. அந்தத் தேதியை நான்தான் அழித்தேன்.

உடனே அணைத்தேன். பத்திரத்தை முதலிலிருந்து மறுபடியும் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யாரும் அதைப் போடவில்லை. பூஜ்யம் வந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் இப்போது என் பரண்மேல் இருக்கிறது.

உறுதியாகத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். ஏப்ரல் 27 சாயங்காலம் கடையைப் பூட்டியபோது காலண்டரில் 27ஆம் தேதித் தாள் இருந்தது. மே 28இல் நான் திறந்தபோது ஏப்ரல் 28ஆம் தேதித் தாள் இருந்தது. ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை பாவா பூட்டை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை, உள்ளே போயிருக்கிறார். ஊதுபத்திச் சாம்பல் மேசையில் விழுந்திருந்தது. டைப்ரைட்டர் உருளையில் தாள் இல்லை, பக்கத்திலும் இல்லை. காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சில் எழுத்து எதுவும் இல்லை.

வழக்கப்படி கம்ப்யூட்டரைப் போட்டு ‘முருகன் துணை’ என்று அடித்துவிட்டு அணைத்தாரா, அந்த 18ஐப் பார்த்தபிறகுதான் ரயில் ஏறினாரா என்பது உறுதிசெய்யப்படவில்லை. அவர் அந்த ஒரு வரியை என்றைக்கும் சேமித்து வைத்ததில்லை.